ஒரே ஒரு ஒரிஜினல்

அத்தியாயம் 11

நாலாம் மாடி வீட்டில் அப்பாவும் மகளும் முகம் கொடுத்துப் பேசி நாலு நாள் ஆகிவிட்டது. மாடிக்கு ஒரு நாள் வீதம் கணக்கு வைத்துக்கொண்டார்கள் போலிருக்கிறது.

திங்கட்கிழமை அறைக் கதவைப் படாரென்று சாத்திக்கொண்டு போன மகள் அன்றைக்கே சாப்பிட வெளியே வந்துவிட்டாள். கோபம் வேறு, பசி வேறு. பேச்சு மட்டும் கதவுக்கு உள்ளேயே தங்கிவிட்டது.

நடந்தது இவ்வளவுதான். திங்கட்கிழமை ஒரே தபாலில் இரண்டு கடிதங்கள். ஒன்று, இன்ஜினியரிங் கல்லூரியில் மெக்கானிக்கல் பிரிவில் இடம், நாலு வருடப் படிப்பு. இன்னொன்று, லிஃப்ட் மெக்கானிக் பயிற்சி நிலையத்தில் இடம், இரண்டு வருடம், வேலையோடு சேர்ந்த பயிற்சி. முதலாவதற்கு விண்ணப்பம் போட்டவர் அப்பா. இரண்டாவதற்கு மகள் விண்ணப்பம் போட்டதே அன்றைக்குத்தான் வீட்டுக்குத் தெரியும்.

இரண்டு இடத்திலும் வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் பள்ளி இறுதி மார்க் ஷீட்டின் ஒரிஜினலைக் கொடுக்க வேண்டும். ஒரிஜினல் ஒன்றுதான். அது எந்த வாசலுக்குள் போகிறதோ அந்த வாசலுக்குள் பெண்ணும் போவாள்.

இன்று வெள்ளிக்கிழமை.

அப்பாவைக் குடியிருப்பில் எல்லோரும் இன்ஜினியர் சார் என்றுதான் கூப்பிடுவார்கள். படித்தது மெக்கானிக்கல். வேலை, தண்ணீர் பம்பு செய்கிற கம்பெனியில் டெண்டர் பிரிவு. பம்பு படத்தில் எப்படி இருக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். வீட்டுக் குழாய் சொட்டினால் அடியில் வாளி வைப்பார். வாளி நிரம்பினால் மகளைக் கூப்பிடுவார்.

அவருக்கு உலகத்தில் பிடித்த பொருள் ஒன்று உண்டு. லாமினேஷன் மெஷின். ஆபீசில் கழித்துவிட்டதை வீட்டுக்குக் கொண்டுவந்து வைத்திருக்கிறார். பஸ் கால அட்டவணை, மருத்துவமனை எண்கள், மகள் மூன்றாம் வகுப்பில் வாங்கிய ஓட்டப்பந்தயச் சான்றிதழ் எல்லாம் பிளாஸ்டிக்குக்குள் பளபளவென்று தூங்குகின்றன. கீழே லிஃப்ட் கதவில் தொங்கும் ‘லிஃப்ட் இயங்காது’ அட்டைகூட அவர் கைவண்ணம்தான். வருடத்தில் பாதி நாள் தேவைப்படுகிறதே, நனையாமல் இருக்கட்டும் என்ற நல்ல எண்ணம்.

மகளுக்குத் திருப்புளி என்று பெயர். ஆறு வயதில் குளியலறைக் கதவின் கீல்களைக் கழற்றிவிட்டாள். உள்ளே குளித்துக்கொண்டிருந்த அப்பாவின்மேல் கதவு சாய்ந்தது. அன்றைக்குக் குடியிருப்பே கூடி வைத்த பெயர். அதற்குப் பிறகு அவள் எதைக் கழற்றினாலும் திரும்ப மாட்டிவிடுவாள். ஆனாலும் பெயரைக் கழற்ற முடியவில்லை.

அம்மா ஊசியக்கா. மூன்று தெரு தள்ளி ஒரு கிளினிக்கில் ரத்தம் எடுக்கிறாள். குடியிருப்பில் பாதிப் பேருடைய சர்க்கரை அளவு அவளுக்குத் தெரியும். யாரிடமும் சொல்ல மாட்டாள். அந்த ஒரு குணத்துக்காகவே அவளைச் சிலருக்குப் பிடிக்காது.

இந்த நாலு நாளாக அப்பாவுக்கும் மகளுக்கும் நடுவே தபால்காரி வேலையும் அவளுக்குத்தான்.

காலை ஐந்தரை மணிக்கு அடுப்பில் டீ கொதித்துக்கொண்டிருந்தது. ஹாலில் இன்ஜினியர் சார் சட்டைப் பொத்தான் போட்டபடி சுவரைப் பார்த்துச் சொன்னார்:

"உன் பொண்ணுகிட்ட சொல்லு. நான் பர்மிஷன் போட்டுட்டு நேரா காலேஜுக்குப் போறேன். மார்க் ஷீட் என் பையில இருக்கு. அவ வர வேண்டாம். கவுண்டர்ல குடுக்கத்தானே, நானே குடுத்துடுவேன்."

சமையலறை வாசலில் நின்றிருந்த மகள் அடுப்பைப் பார்த்துச் சொன்னாள்:

"அம்மா, அப்பாகிட்ட சொல்லு. குடுக்கட்டும். எனக்கு ஒண்ணும் ஆட்சேபணை இல்ல. இன்ஜினியரிங்கே படிக்கிறேன். எல்லாரும் நிம்மதியா இருங்க."

அம்மா டீயை வடிகட்டுவதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். பெண்ணின் முகத்தில் கோபம் இல்லை. அழுகையும் இல்லை. நாலு நாள் தூங்காத முகம். பத்தொன்பது வயது முகத்தில் நாற்பத்தைந்து வயது அலுப்பு. கண்ணாடியில் தினமும் பார்க்கிற அலுப்பு என்பதால் அம்மாவுக்கு உடனே அடையாளம் தெரிந்தது.

"நெஜமாவா சொல்றே?"

"ஆமா. ஆனா ஒண்ணு, அந்த மார்க் ஷீட்டை அப்பா..."

"போதும்டி!" அம்மா டம்ளரை நங்கென்று வைத்தாள். "தூது போய்ப் போய் எனக்கு வாய் வலிக்குது. இன்னைக்கு ஒரு நாள் யாரும் யார்கிட்டயும் எதையும் சொல்லச் சொல்லாதீங்க. வாளியில துவைச்ச துணி கிடக்கு, அதையாவது பால்கனியில காயப் போடு."

மகள் வாயை மூடிக்கொண்டாள். அப்பா பையை எடுத்துக்கொண்டு போயே போய்விட்டார்.

இந்தப் பெண்ணிடம் அம்மாவுக்கு இருக்கிற ஒரே குறை அந்தத் துணிதான். மிக்ஸியைப் பிரித்து மேய்வாள். தையல் மெஷினைத் தலைகீழாகக் கவிழ்ப்பாள். கொடியில் துணி காயப் போடு என்றால் மட்டும் உடம்பு வணங்காது. சோம்பேறித்தனம் என்பது அப்பாவின் தீர்ப்பு. அம்மாவும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

லிஃப்ட் இன்றும் ஓடவில்லை. அம்மா நாலு மாடி இறங்கினாள். முழங்கால் ஒவ்வொரு படியையும் தனித்தனியாக எண்ணியது.

*

கிளினிக்கில் பதினொன்றரை மணிக்குள் முப்பத்திரண்டு கைகள் ஆகிவிட்டன. முப்பத்து மூன்றாவது கை, இரண்டாம் மாடி டீச்சரம்மாவுடையது. ரத்தம் கொடுக்க வந்தாரா விஷயம் வாங்க வந்தாரா என்பது அவருக்கே வெளிச்சம்.

"உங்க வீட்டுக்காரர் விடியக்காலையிலயே ஃபைலைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு இறங்கினாரே. காலேஜுக்குத்தானே?"

"ஆமாங்க டீச்சர். கையை நீட்டுங்க."

"நல்லது. பொம்பளைப் பிள்ளை லிஃப்டுக்கு மேல ஏறி கிரீஸ் துடைக்கிறதெல்லாம் நல்லாவா இருக்கும்? பொண்ணு என்ன சொல்றா?"

"அவளும் சரின்னுட்டா. முஷ்டியை மூடுங்க."

"சரின்னுட்டாளா!" டீச்சரம்மாவுக்குச் சந்தோஷம்தான். இருந்தாலும், நாலு நாளாக நன்றாகப் போய்க்கொண்டிருந்த சண்டை இப்படிச் சப்பென்று முடிந்ததில் சின்ன வருத்தமும் இருந்தது. "உங்களுக்கு எது இஷ்டம்?"

ஊசியக்காவின் விரல் டீச்சரம்மாவின் முழங்கை மடிப்பில் நரம்பைத் தேடிக்கொண்டிருந்தது. பார்த்தால் தெரியாது, தொட்டால்தான் தெரியும். இருபது வருடமாகத் தொட்டுத் தொட்டுத் தெரிந்துகொண்டது. உங்களுக்கு எது இஷ்டம் என்று இந்த நாலு நாளில் வீட்டில் யாராவது தன்னைக் கேட்டார்களா என்று யோசித்தாள். இல்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாள்? கொஞ்ச நேரம் உட்கார வேண்டும் என்று சொல்லியிருப்பாள்.

நரம்பு கிடைத்தது. ஊசி இறங்கியது. அதே நேரம் மேலங்கிப் பையில் போன் அதிர்ந்தது. நின்று, மறுபடி அதிர்ந்தது. மூன்றாவது தடவை அதிர்ந்தபோது டீச்சரம்மாவே, "எடுங்க, ஏதோ அவசரம்" என்றார். பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டே காதைப் போனுக்கு இவ்வளவு பக்கத்தில் கொண்டுவர அவரால்தான் முடியும்.

"வாங்க மாட்டேங்கறான்" என்றார் இன்ஜினியர் சார் மறுமுனையில்.

"யாரு? எதை?"

"கவுண்டர்ல உட்கார்ந்திருக்கற ஆளு. மார்க் ஷீட்டை. லாமினேட் பண்ணினதை வாங்க மாட்டானாம். சீல் போட முடியாதாம், கையெழுத்துப் போட முடியாதாம். பிளாஸ்டிக்கைப் பிரிச்சுட்டு ஐந்து மணிக்குள்ள வாங்கங்கறான். இல்லன்னா இடம் அடுத்த ஆளுக்குப் போயிடுமாம்."

"டூப்ளிகேட்?"

"ஆறு வாரம் ஆகுமாம்." தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "அந்த லெட்டர் பின்னாடியே போட்டிருக்காம். ஒன்பதாவது பாயிண்ட்."

"எந்த லெட்டர்? திங்கட்கிழமை நீங்க லாமினேட் பண்ணீங்களே, அதுவா?"

"அதேதான்" என்றார்.

லாமினேட் செய்யக் கூடாது என்று சொல்கிற கடிதத்தையே லாமினேட் செய்து வைத்த மனுஷர் இந்த உலகத்தில் இவர் ஒருவராகத்தான் இருக்க முடியும். அவருக்கு எதையும் படிப்பதைவிடப் பத்திரப்படுத்துவதில்தான் ஆர்வம். ஒன்பதாவது பாயிண்ட் பிளாஸ்டிக்குக்குள் நாலு நாளாகப் பளபளத்துக்கொண்டிருந்திருக்கிறது.

"அந்த ஆளு சிரிச்சான் தெரியுமா" என்றார். "வரிசையில இருக்கறவங்ககிட்ட காட்டி, ‘பாருங்க, இந்த மாதிரி பண்ணாதீங்க’ன்னான். ஒரு கிளாஸ் சின்னப் பசங்க முன்னாடி..."

"வீட்டுக்கு வாங்க. நான் ஒரு மணிக்கு வந்துடுறேன்."

போனை வைத்த பிறகுதான் உறைத்தது. ‘அந்த மார்க் ஷீட்டை அப்பா’ என்று காலையில் பெண் எதையோ ஆரம்பித்தாள். வாயை அடைத்தது யார்? தபால்காரிதான். நாலு நாள் ஒழுங்காகக் கொண்டுபோய்ச் சேர்த்தவள், சேர்க்க வேண்டிய ஒரே ஒரு சேதியைச் சேர்க்காமல் விட்டுவிட்டாள்.

டிரெஸ்ஸிங் அறையில் சொல்லிவிட்டு மெல்லிய சர்ஜிகல் பிளேடுகள் மூன்று, கையுறை இரண்டு ஜோடி எடுத்துக்கொண்டாள்.

"பிரிச்சா கிழிஞ்சிடுமே" என்றார் டீச்சரம்மா, கேட்காமலே.

*

வீட்டுக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் பட்டது துணி வாளி. காலையில் வைத்த இடத்திலேயே, வைத்தபடியே. இன்றைக்குத் திட்டக்கூடத் தெம்பில்லை.

இன்ஜினியர் சார் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். சட்டை வியர்வையில் முதுகோடு ஒட்டியிருந்தது. மேஜைமேல் மார்க் ஷீட், கண்ணாடிப் பெட்டியில் வைத்த மீன் மாதிரி கிடந்தது. திருப்புளி எதிரே நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். தொடவில்லை.

"காலையில இதைத்தான் சொல்ல வந்தியா?" என்றாள் அம்மா.

"ம். ட்ரெய்னிங் சென்டர் லெட்டர்லயும் இதேதான் போட்டிருக்கு. திங்கட்கிழமையே பார்த்தேன்."

"நாலு நாளா ஏன்டி சொல்லலை?"

"யார்கிட்ட சொல்றது?"

நியாயமான கேள்வி. அம்மா பையிலிருந்த பிளேடுகளை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

இன்ஜினியர் சார் மனைவியை ஜன்னல் பக்கம் வரச் சொல்லி ஜாடை காட்டினார். அவருக்கு ரகசியம் பேச வராது. மூன்றாம் மாடிக்குக் கேட்கிற மாதிரிதான் கிசுகிசுப்பார்.

"கடையில குடுத்துப் பார்க்கலாமா? இவகிட்ட குடுக்கறது... இவளுக்குக் காலேஜ் போக இஷ்டமில்ல. வேணும்னே கிழிச்சுட்டா?"

அம்மாவுக்கும் படியேறும்போது அந்த எண்ணம் ஒரு கணம் வந்து போயிருந்தது. அதனால்தான் அவள் உடனே மறுக்கவில்லை. அந்த ஒரு கணத் தாமதம் போதுமே.

திருப்புளி திரும்பாமலே சொன்னாள்.

"எனக்குக் கெடுக்க வராது."

உரக்கச் சொல்லவில்லை. யாரிடம் என்றும் சொல்லவில்லை. இன்ஜினியர் சார் நாற்காலிக்குத் திரும்பிப் போய் உட்கார்ந்தார்.

"சரி, என்னென்ன வேணும்?" என்றாள் அம்மா.

"ஹேர் டிரையர். நீ கொண்டு வந்த பிளேடு. அப்புறம்..." கொஞ்சம் தயங்கினாள். "முதல்ல வேற எதையாவது பிரிச்சுப் பார்க்கணும். எடுத்த எடுப்புல இதுல கை வைக்க மாட்டேன். கெட்டாப் பரவாயில்லங்கற மாதிரி லாமினேட் பண்ணினது ஏதாவது இருக்கா?"

அந்த வீட்டில் அதற்கா பஞ்சம்? பஸ் கால அட்டவணை சுவரிலிருந்து இறங்கியது. பாதி பஸ்கள் அதில் உள்ளபடி வருவதும் இல்லை.

ஓரத்தைப் பிளேடால் கீறி, சூடு காட்டி, பிளாஸ்டிக்கை மேல்நோக்கி இழுத்தாள். சர்ரென்று ஒரு சத்தம். காலை பஸ்கள் எல்லாம் பிளாஸ்டிக்கோடு போயின. மாலை பஸ்கள் காகிதத்தில் நின்றன.

"போச்சு" என்றார் இன்ஜினியர் சார்.

"மெல்லிசு பேப்பர்" என்றாள் திருப்புளி, கிழிந்ததை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தபடி. முகத்தில் வருத்தமே இல்லை. மருத்துவர் எக்ஸ்ரே பார்ப்பது போலப் பார்த்தாள். "மேல இழுத்தா பேப்பரையும் சேர்த்து இழுக்குது. பிளாஸ்டிக்கை மடிச்சுப் படுக்கப் போட்டு இழுக்கணும். ஆனா மார்க் ஷீட் கெட்டி பேப்பர். அதே மாதிரி கெட்டியா இன்னொண்ணு கிடைச்சா நல்லா இருக்கும்."

கெட்டித் தாளில் லாமினேட் செய்தது. அம்மா யோசித்தாள். ஓட்டப்பந்தயச் சான்றிதழ் மெல்லிசு. மருத்துவமனை எண்களும் மெல்லிசு.

இன்ஜினியர் சார் எழுந்து உள்ளே போனார். பீரோ திறக்கும் சத்தம். துணிகளுக்கு அடியில் எதையோ உருவும் சத்தம். திரும்பி வந்து மேஜைமேல் வைத்தார்.

அவருடைய இன்ஜினியரிங் பட்டம்.

"ஏங்க!" என்றாள் அம்மா.

"கெட்டி பேப்பர்தான்" என்றார். "அதே மெஷின், அதே கவர். நான்தான் போட்டேன்."

"இது உங்க டிகிரிங்க. அப்புறம் வேணும்னா..."

"இருபத்தாறு வருஷமா யாரும் கேக்கலை. இனிமே ரிட்டையர் ஆகறப்ப கேக்கப் போறாங்களா?" கர்ச்சீப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "பிரிக்கச் சொல்லு."

பழக்கதோஷம். மகள் ஒரு முழ தூரத்தில் நிற்கிறாள், ‘சொல்லு’ என்கிறார்.

திருப்புளி பட்டத்தைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள், கையுறையை மாட்டிக்கொண்டாள்.

இந்த முறை ஓரத்தைச் சுற்றிலும் நறுக்கி, மூலையில் பிளேடைப் படுக்க வைத்து நுழைத்தாள். சூடு காட்டக் காட்டப் பசை இளகியது. பிளாஸ்டிக் மடங்கி, ஒரு விரல், இரண்டு விரல், நாலு விரல் என்று பின்வாங்கியது. முத்திரை வந்தது. கல்லூரிப் பெயர் வந்தது. ‘மெக்கானிக்கல்’ முழுசாக வந்தது. வியர்வை இமையில் இறங்கியதைத் துடைக்க அவள் ஒரு நொடி டிரையரைக் கீழே வைத்தாள். கை இழுப்பை நிறுத்தவில்லை. அந்த ஒரு நொடிதான். டிக் டிக் என்று ஒரு சத்தம்.

நடு வரி காகிதத்தில் இல்லை. பிளாஸ்டிக்கில் ஒட்டிக்கொண்டு, கண்ணாடியில் தெரிவது போல இடம்வலம் மாறித் தெரிந்தது.

இன்ஜினியர் சார் குனிந்து பார்த்தார். அது அவர் பெயர் இருந்த வரி.

"பேர் போச்சு" என்றார்.

அவர் வேடிக்கையாகச் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னார். ஆனால் சொன்ன பிறகு அது காதில் விழுந்த விதத்தில், முதலில் அம்மாவின் தோள் குலுங்கியது. பிறகு மகளின் வாய் கோணியது. காலையிலிருந்து கல்லூரியில் பேர் போய், வீட்டுக்கு வந்தால் பட்டத்திலும் பேர் போய்விட்டது மனுஷருக்கு. அவரும் சிரித்துவிட்டார். அசதியில் வருகிற சிரிப்பு. நிறுத்த முடியாது, சந்தோஷமும் இருக்காது.

"சாரிப்பா" என்றாள் திருப்புளி.

நாலு நாளில் முதல் வார்த்தை. யாரும் கொண்டுபோய்க் கொடுக்காமல் தானாகப் போய்ச் சேர்ந்தது.

"எப்படிப் போச்சு?" என்றார் அவர். திட்டுகிற குரல் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

"சூடு விட்டுப்போச்சுப்பா. ஆறினா பசை மறுபடி இறுகிடுது. எழுத்தையும் பிடிச்சு இழுத்துடுது. சூடு நகர நகர, கூடவே கையும் நகரணும். என்கிட்ட ரெண்டு கைதான் இருக்கு."

இன்ஜினியர் சார் சட்டைக் கையை முழங்கைவரை சுருட்டினார்.

"டிரையரைக் குடு."

*

மணி இரண்டே முக்கால். மேஜைமேல் மார்க் ஷீட்.

அம்மா கையுறை போட்டுக் காகிதத்தின் இரண்டு மூலைகளை விரல் நுனியால் அழுத்திப் பிடித்தாள். அழுத்தம் கூடினால் கசங்கும், குறைந்தால் நழுவும். இருபது வருட விரல்களுக்கு அது தெரியும். அப்பா டிரையர் பிடித்தார். மகள் பிளேடையும் பிளாஸ்டிக்கையும் பிடித்தாள்.

"அப்பா, கிட்ட கொண்டு வாங்க. இன்னும். போதும். அங்கேயே நிறுத்துங்க."

"இங்கேயா?"

"ஆட்டாதீங்கப்பா! என் கை எங்க போகுதோ அதுக்கு ஒரு விரல் முன்னாடி போங்க. பின்னாடி வராதீங்க."

"சரிம்மா, சரிம்மா."

டெண்டர் பிரிவில் பதினெட்டுப் பேரை வைத்து மேய்க்கிறவர், மகள் சொன்ன இடத்துக்கு ஒரு விரல் முன்னால் போனார். கட்டைவிரல் சுட்டது. சொல்லவில்லை. அம்மா பார்த்துவிட்டாள். அவளும் சொல்லவில்லை.

பள்ளியின் பெயர் வந்தது. திருப்புளி பேசவே இல்லை. மூக்கின் ஓரத்தில் ஒரு மடிப்பு விழுந்து, கண் மட்டும் ஊர்ந்துகொண்டிருந்தது. இவள் பரீட்சைக்குப் படிக்கும்போது இந்த முகத்தை அம்மா பார்த்ததில்லை. கணக்கில் நல்ல மார்க்தான் எப்போதும். ஆனால் அந்த மார்க்கை வாங்கிய முகம் வேறு, கடமைக்கு உட்கார்ந்த முகம். இந்த முகம் அசதியையே மறந்துபோயிருந்தது.

அம்மா நிமிர்ந்து கணவரைப் பார்த்தாள். அவர் காகிதத்தைப் பார்க்கவில்லை. மகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்பா, சூடு!"

"ஆங்... வந்துட்டேன்."

பெயர் வரி வந்தது. ஒவ்வோர் எழுத்தாக. மூன்று பேரும் குனிந்த தலை ஒன்றோடொன்று முட்டிக்கொள்கிற நெருக்கம். முதல் எழுத்து காகிதத்திலேயே நின்றது. இரண்டாவது நின்றது. கடைசி எழுத்தும் நின்றது.

முன்பக்கம் முடிந்து, பின்பக்கமும் முடிந்து, கடைசிப் பிளாஸ்டிக் நழுவி விழுந்தபோது மணி மூன்றே முக்கால். இடது கீழ் மூலையில் மட்டும் ஒரு அரிசியளவு தாள் போயிருந்தது. அங்கே எழுத்து எதுவும் இல்லை.

திருப்புளி நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள். விரல்கள் மடங்கவில்லை.

"இதை எங்கேம்மா கத்துக்கிட்டே?" என்றார் அப்பா.

"இங்கதாம்ப்பா. முன்னாடி ரெண்டைக் கெடுத்தோம்ல."

அவர் தலையாட்டினார். பிறகு இன்னொரு தடவையும் ஆட்டினார். காகிதத்தைக் கையில் எடுத்துத் தடவிப் பார்த்தார். பிளாஸ்டிக் இல்லாத காகிதத்தை அவர் தொட்டு எத்தனை நாள் ஆயிற்றோ.

"நாலு மணி பஸ்ஸைப் பிடிச்சா காலேஜுக்கு ஐந்து மணிக்குள்ள போயிடலாம்" என்றாள் மகள். எழுந்து முகம் கழுவப் போனாள். "நானும் வரேன்ப்பா. அந்த ஆளு மறுபடி ஏதாவது சொன்னா நான் பேசிக்கறேன்."

காலையில் சொன்ன சொல்லில் நிற்கிறாள். குரலில் பழைய அலுப்பு திரும்பி வந்துவிட்டது. சூடு விட்டதும் இறுகுகிற பசை மாதிரி.

அம்மா வாயைத் திறந்தாள். இந்த நாலு நாளில் முதல் தடவையாகத் தன் சொந்தச் சேதி ஒன்றைச் சொல்லலாம் என்று. அதற்குள் இன்ஜினியர் சார் முந்திக்கொண்டார்.

"நான் அந்த ஆளு மூஞ்சியில இனிமே முழிக்க மாட்டேன்."

குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் நின்றது.

"யாரு மூஞ்சியிலப்பா?"

"அந்தக் கவுண்டர் ஆளு. நூறு பேர் முன்னாடி சிரிச்சான். மறுபடி போய் அவன்கிட்ட பல்லைக் காட்டிக்கிட்டு நிக்கணுமா நான்? என்னால முடியாது." சுவரைப் பார்த்துத்தான் சொன்னார். "நாலு வருஷம் நீ அவன்கிட்டதான் ஒவ்வொரு பேப்பரையும் குடுத்தாகணும். மரியாதை தெரியாத இடம். கவுண்டர்கிட்ட ஒரு ஃபேன்கூட இல்ல."

ஒரு கல்லூரியை வேண்டாம் என்று சொல்ல மின்விசிறியைக் காரணம் காட்டிய முதல் தகப்பன் இவராகத்தான் இருக்கும். நாலு நாளாகத் தான் பேசியதை எல்லாம் தானே திரும்ப வாங்கிக்கொள்ள ஒரு மனுஷனுக்கு ஏதாவது ஒரு சந்து வேண்டுமே. அவருக்குக் கிடைத்தது அந்தக் கவுண்டர் ஆள். பாவம், அந்த ஆளுக்கு இந்த ஜன்மத்தில் இது தெரியப்போவதில்லை.

திருப்புளி ஈர முகத்தோடு வாசலில் நின்றாள்.

"அப்போ?"

"அந்த இன்னொரு இடம் எத்தனை மணிக்கு மூடுவான்?"

"ஐந்து."

"அங்க ஃபேன் இருக்கா?"

"தெரியாதுப்பா."

"போய்ப் பாரு."

அவள் பையிலிருந்து நாலாக மடித்த ஒரு படிவத்தை எடுத்தாள். நாலு நாளாகச் சுமந்ததில் மடிப்பெல்லாம் நைந்திருந்தது. ‘பெற்றோர் கையொப்பம்’ என்ற இடம் மட்டும் காலி. இன்ஜினியர் சார் கட்டைவிரலை ஊதிக்கொண்டு கையெழுத்துப் போட்டார். கொடுக்கும்போது ஒரு கணம் கை தயங்கி, பழக்கத்தில் லாமினேஷன் மெஷின் இருந்த பக்கம் கண் போனது.

"அப்பா!"

"இல்லம்மா, சும்மா பார்த்தேன்."

அவள் போன பிறகு அவர் தம் பெயர் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் துண்டை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். பின்பக்கமிருந்து பார்த்தால் நேராகப் படிக்க முடிந்தது.

"பர்னால் எங்க இருக்கு?" என்றார்.

*

ஐந்து மணிக்குக் கால் மணி நேரம் இருக்கும்போது அம்மா துணி வாளியோடு பால்கனிக்கு வந்தாள். துணி ஊறிப்போய் வாடை அடித்தது. உட்கார வேண்டும் என்று காலையிலிருந்து நினைத்ததை இதைக் காயப் போட்டுவிட்டுச் செய்யலாம் என்று முதல் சட்டையை உதறும்போது போன் வந்தது.

"வாங்கிக்கிட்டாங்கம்மா." திருப்புளியின் குரலில் மூச்சு வாங்கியது. "மூலை போனதைப் பார்த்தாங்க, ஒண்ணும் சொல்லலை. சீல் போட்டு ரசீது குடுத்துட்டாங்க."

"அப்பாடா. ஃபேன் இருக்கா?"

"நாலு இருக்கு." சிரித்தாள். பிறகு சிரிப்பு பாதியில் நின்றது. "திங்கட்கிழமையே வரச் சொல்லிட்டாங்க. பதினாறு மாடிக் கட்டடம். லிஃப்ட் பெட்டிக்கு மேல நிக்க வெச்சு உச்சி வரைக்கும் கூட்டிட்டுப் போவாங்களாம். முதல் நாள் எல்லாருக்கும் அதான். அதுல முடியலன்னா அனுப்பிடுவாங்களாம்."

"அதனால என்ன? போய்ட்டு வா."

"ம்."

அந்த ‘ம்’ சரியில்லை. ஊசியக்கா இருபது வருடமாகக் கேட்டுவரும் ‘ம்’ அது. வலிக்குமா என்று கேட்காமல், கையை மட்டும் நீட்டிவிட்டு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்கிறவர்கள் சொல்கிற ‘ம்’.

அவள் கையில் ஈரச் சட்டை சொட்டியது. நாலு மாடிக்குக் கீழே தெருவில் டீச்சரம்மாவின் குடை ஒரு பொட்டு மாதிரி போய்க்கொண்டிருந்தது. காலியான கொடி. படியேறும்போது எப்போதும் சுவரை ஒட்டியே வருகிற பெண். எத்தனை திட்டினாலும் இந்தப் பால்கனிக்கு மட்டும் வராத பெண்.

"ஏன்டி," என்றாள் மெதுவாக, "நீ துணி காயப் போடாதது சோம்பேறித்தனத்துல இல்லையா?"

மறுமுனையில் எங்கோ ஒரு லிஃப்ட் மணி கேட்டது.

"அம்மா."

"சொல்லு."

"அப்பாகிட்ட சொல்லாத."

நாலு நாளாகச் சொல்லு சொல்லு என்று உயிரை எடுத்தவள். அம்மா திரும்பி ஹாலைப் பார்த்தாள். கட்டைவிரலில் மருந்து தடவிக்கொண்டு, இன்ஜினியர் சார் தம் பெரியண்ணனுக்குப் போன் போட்டு, மகள் லிஃப்டுக்கு மேல் நிற்கப்போகிற கதையைக் குரலை உயர்த்திச் சொல்ல ஆரம்பித்திருந்தார்.